குற்றப் பொருளாதாரத்தில் போஸ்ட்டாக்: தீசிஸ் கொடுத்த நாளிலிருந்து ஜெர்மனியில் முதல் சம்பளம் வரை

எனக்கு வந்த முதல் ஆஃபர் கைநழுவிப் போனது. ஆய்வில் யாரும் குறை சொல்லவில்லை. நேர்காணலிலும் நான் சொதப்பவில்லை. அவர்களுக்கு நான் செப்டம்பரில் வேலையில் சேர வேண்டும். என் வைவா, அதாவது பிஎச்.டி வாய்மொழித் தேர்வு, நடந்ததோ டிசம்பரில். அடுத்த ஆண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து, ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தில், குற்றத்தையும் சமத்துவமின்மையையும் சேர்த்துப் பார்க்கும் ஒரு திட்டத்தில் போஸ்ட்டாக்காக, அதாவது பிஎச்.டிக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வாளராக, சேர்ந்தேன். இந்த இரண்டு சுற்றில் எனக்குப் போன பணமும் நாட்களும் உங்களுக்கும் போக வேண்டாம்.

இது இந்தியாவில் எக்கனாமிக்ஸில், குறிப்பாகக் குற்றத்தைப் பொருளாதார முறைகளால் ஆராயும் குற்றப் பொருளாதாரத்தில், பிஎச்.டி முடிக்கும் நிலையில் இருப்பவர்களுக்கு. விசா பகுதி ஜெர்மனிக்கு மட்டும். மற்றவை ஐரோப்பாவில் எங்கே போனாலும் பெரும்பாலும் பொருந்தும்.

1. முதலில் காலெண்டரைப் பாருங்கள்

எக்கனாமிக்ஸ் வேலைச்சந்தைக்கு ஒரு பருவம் உண்டு, மாம்பழம் மாதிரி. அமெரிக்கப் பொருளாதாரச் சங்கத்தின் ஜேஓஇ தளத்தில் ஆகஸ்ட் முதல் விளம்பரங்கள் வர ஆரம்பிக்கும். கடைசித் தேதிகள் நவம்பரில் குவியும். டிசம்பரிலும் ஜனவரி முதல் வாரங்களிலும் இணையவழி நேர்காணல். ஜனவரி, பிப்ரவரியில் நேரில் கூப்பிட்டு முழுச் சொற்பொழிவு கேட்பார்கள். பிப்ரவரி, மார்ச்சில் ஆஃபர். சேர்வது செப்டம்பர் அல்லது அக்டோபர். ஆக, விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து முதல் சம்பளம் வரை கிட்டத்தட்ட ஓராண்டு. அந்த ஓராண்டு எப்படிச் சாப்பிடப் போகிறீர்கள் என்பதையும் இப்போதே யோசித்துவிடுங்கள். ஃபெலோஷிப் பெரும்பாலும் அதற்குள் முடிந்துவிடும்.

இந்தப் பருவத்துக்கு வெளியேயும் போஸ்ட்டாக் வேலைகள் வரும். ஒரு பேராசிரியருக்குத் திட்ட நிதி கிடைத்து, அதில் ஆள் எடுக்கும் இடங்கள் அவை. ஏப்ரலிலும் வரும், ஜூலையிலும் வரும். எனக்குக் கிடைத்தது அப்படிப்பட்ட ஒன்றுதான். போட்டி குறைவு, ஆனால் உங்கள் தலைப்பு அவர்கள் தலைப்போடு அச்சாகப் பொருந்த வேண்டும்.

2. பட்டம் கையில் இருக்கிறதா?

இந்தியாவிலிருந்து போகிறவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

அமெரிக்காவில் ஏப்ரலில் டிஃபென்ஸ் (அவர்கள் ஊர் வைவா), மே மாதம் பட்டம். விளம்பரம் எழுதுகிறவர்கள் அதை மனதில் வைத்துத்தான் ‘சேரும் தேதிக்குள் பிஎச்.டி முடிந்திருக்க வேண்டும்’ என்று போடுகிறார்கள். நம் கதை வேறு. சினாப்சிஸ் (தீசிஸின் சுருக்கம்) கொடுக்க வேண்டும். பிறகு தீசிஸ். அது தேர்வாளர்களுக்குப் போய், அவர்கள் சம்மதம் வந்து, அறிக்கை வந்து, வைவா தேதி குறித்து, வைவா முடிந்து, ப்ரொவிஷனல் சர்டிஃபிகேட் வாங்கி, அதற்கும் பிறகு கன்வொகேஷன். என் விஷயத்தில் தீசிஸ் கொடுத்த நாளுக்கும் வைவாவுக்கும் நடுவே பதினொரு மாதம். வெளிநாட்டுத் தேர்வாளர் ஒருவர் பதிலே போடவில்லை. அவருக்குப் பதில் இன்னொருவரை நியமிக்க வேண்டும் என்ற குறிப்பு ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்கு நகரவே இரண்டு மாதம் ஆனது. அந்தக் கோப்பு எந்த மேஜையில் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. ஒருநாள் டீ வாங்கிக் கொடுத்துப் பேசிய பிரிவு எழுத்தர் சொன்னபிறகுதான் தெரிந்தது.

அதனால்:

தீசிஸ் கொடுத்த பிறகு விண்ணப்பம் போடுங்கள். சினாப்சிஸ் நிலையில் போட்டால், நேர்காணலில் ‘எப்போது முடியும்’ என்ற கேள்விக்கு நீங்கள் சொல்வது யூகமாகத்தான் இருக்கும். கேட்பவருக்கும் அது தெரியும்.

தேர்வாளர் பட்டியல் போகும்போது கைடிடம் உட்கார்ந்து பேசுங்கள். பெரிய பெயரைவிட, மின்னஞ்சலுக்குப் பதில் போடுகிறவர் முக்கியம்.

தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகத்தில் ‘தீசிஸ் இந்தத் தேதியில் சமர்ப்பிக்கப்பட்டது, மதிப்பீட்டில் உள்ளது’ என்று லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். கேட்டால் கொடுப்பார்கள், கேட்காமல் யாரும் கொடுக்க மாட்டார்கள்.

வைவா முடிந்த அன்றே ப்ரொவிஷனலுக்கு விண்ணப்பியுங்கள். கன்வொகேஷன் வரை காத்திருக்க வேண்டாம். நான் சேர்ந்த இடத்தில் ப்ரொவிஷனலை ஏற்றுக்கொண்டார்கள். ஒரிஜினல் வந்ததும் கொடுப்பதாக எழுதிக் கொடுத்தேன்.

ஐரோப்பிய யூனியனின் மேரி கியூரி போஸ்ட்டாக் ஃபெலோஷிப்புக்கு மட்டும் ஒரு சலுகை. செப்டம்பரில் வரும் கடைசித் தேதிக்குள் வைவாவில் தேறியிருந்தால் போதும், பட்டம் கையில் வந்திருக்க வேண்டியதில்லை. பிஎச்.டி முடித்து எட்டு ஆண்டுக்குள் இருக்க வேண்டும். போகும் நாட்டில் கடைசி 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது.

3. உங்கள் பெயர்

சிரிக்காதீர்கள், இதற்குத் தனித் தலைப்பே வேண்டும். க. மாலதி என்று ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் ‘மாலதி கே’. டிகிரி சான்றிதழில் ‘கே. மாலதி’. பாஸ்போர்ட்டில் பெயர் மாலதி, குடும்பப் பெயர் கந்தசாமி. கட்டுரையில் ‘மாலதி கே.’. நமக்கு இது நான்கும் ஒரே ஆள். ஜெர்மன் அலுவலகத்துக்கு நான்கு பேர்.

இன்னும் மோசம், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருப்பது. ஆன்லைன் படிவம் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. ஒருவர் கோடு போடுவார், ஒருவர் பெயரையே இரண்டு முறை அடிப்பார். பிறகு வங்கிக் கணக்கு ஒரு பெயரில், காப்பீடு இன்னொரு பெயரில்.

விண்ணப்பப் பருவம் தொடங்கும் முன்பே பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்துக் குடும்பப் பெயராகப் போட்டு மறுவெளியீடு வாங்கிவிடுங்கள். 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய். பிறகு சி.வி, கட்டுரை, விண்ணப்பத் தளம் எல்லாவற்றிலும் அதே பெயர், அதே வரிசை. பழைய சான்றிதழ்களுக்கு ‘இவர்களெல்லாம் ஒருவரே’ என்று நோட்டரி அஃபிடவிட் ஒன்று, ஆங்கிலத்தில். அதை எனக்கு மூன்று இடத்தில் கேட்டார்கள்.

ஒரு கொசுறு: ஜெர்மனியில் பல நீதிமன்றங்களில் குற்றம் சாட்டப்பட்டவரின் குடும்பப் பெயரின் முதலெழுத்தைப் பார்த்துத்தான் எந்த நீதிபதியிடம் வழக்கு போக வேண்டும் என்று பிரிக்கிறார்கள். யாருக்கு எந்த நீதிபதி என்பதை யாரும் தேர்ந்தெடுக்காததால், கடுமையான நீதிபதியிடம் போனவரையும் இளகிய நீதிபதியிடம் போனவரையும் நேர்மையாக ஒப்பிடலாம். நம் துறைக்கு அது இயற்கையே செய்து கொடுத்த குலுக்கல். நம்மூரில் அப்படிச் செய்தால் அப்பா பெயரை வைத்தா, சொந்தப் பெயரை வைத்தா என்று முதல் வாய்தாவிலேயே வாதம் தொடங்கிவிடும்.

4. எங்கே தேடுவது, விளம்பரத்தை எப்படிப் படிப்பது

ஜேஓஇ, எக்கான்ஜாப்மார்க்கெட், இனாமிக்ஸ், யூராக்ஸஸ். பிரிட்டனுக்கு ஜாப்ஸ் டாட் ஏசி டாட் யூகே. இவை போதும். விண்ணப்பிக்கவோ நேர்காணலுக்கோ உங்களிடம் பணம் கேட்டால் அது மோசடி, யோசிக்கவே வேண்டாம்.

துறைக்கென்று சில இடங்களைக் குறித்து வையுங்கள்: மிலானில் போக்கோனி பல்கலைக்கழகத்தின் குற்றப் பொருளாதார ஆய்வுப் பிரிவு, ஃப்ரைபுர்கில் குற்றம், பாதுகாப்பு, சட்டம் பற்றிய மாக்ஸ் பிளாங்க் நிறுவனம், சிகாகோ பல்கலைக்கழகத்தின் கிரைம் லேப், ஸ்டாக்ஹோம், கோத்தன்பர்க், பெர்கன் பொருளாதாரத் துறைகள். லத்தீன் அமெரிக்க ஆய்வாளர்களின் குற்றக் கொள்கை வலையமைப்புக்கு ‘அல் கபோன்’ என்றே பெயர்ச்சுருக்கம் வைத்திருக்கிறார்கள். இந்தத் துறையில் நகைச்சுவை உணர்வுக்குப் பஞ்சம் இல்லை.

‘குற்றமும் சமத்துவமின்மையும்’ என்று ஒரு விளம்பரம் சொன்னால் அதற்குள் நாலைந்து வேறு வேறு வேலைகள் ஒளிந்திருக்கும். தந்தை சிறைக்குப் போனால் பிள்ளையின் படிப்பும் வருமானமும் என்ன ஆகின்றன என்பது ஒன்று. ஒரே குற்றத்துக்கு ஏழைக்கும் பணக்காரனுக்கும், ஓர் இனத்தவருக்கும் மற்றவருக்கும் தண்டனை ஏன் வேறுபடுகிறது என்பது இன்னொன்று. யார் வீட்டில் திருட்டு நடக்கிறது, எந்தத் தெருவில் போலீஸ் நிற்கிறது என்பது வேறு. வருமான ஏற்றத்தாழ்வு கூடினால் கொலையும் கொள்ளையும் கூடுமா என்று நாடுகளை ஒப்பிடுவது பழைய கேள்வி. இப்போது அதற்காக மட்டும் ஆள் எடுப்பது அரிது. திட்டத் தலைவரின் கடைசி மூன்று கட்டுரைகளைப் படித்தால் எது என்று தெரிந்துவிடும். படிக்காமல் நான் அனுப்பிய பதினேழு விண்ணப்பங்களில் ஒன்றுக்குக்கூட பதில் வரவில்லை.

5. விண்ணப்பக் கட்டு

ஜாப் மார்க்கெட் பேப்பர் (வேலைச்சந்தையில் முன்வைக்கும் உங்கள் முதன்மைக் கட்டுரை), சி.வி, இரண்டு பக்க ஆய்வுத் திட்டம், கவர் லெட்டர், மதிப்பெண் பட்டியல்கள், மூன்று பரிந்துரைக் கடிதங்கள். நம் தீசிஸில் ஐந்து அத்தியாயம் இருக்கலாம். இங்கே பார்ப்பது ஒரே ஒரு கட்டுரையை. அதன் முதல் ஐந்து பக்கத்தில் கேள்வி, தரவு, முறை, விடை நான்கும் வந்துவிட வேண்டும். நம் தீசிஸ் வழக்கப்படி ‘ரிவியூ ஆஃப் லிட்டரேச்சர்’ என்று முப்பது பக்கம் முன்னால் வைத்தால் யாரும் உள்ளே வரமாட்டார்கள்.

கடிதங்களில்தான் சறுக்கல். நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும்: ‘நீயே எழுதிக் கொண்டு வாம்மா, நான் கையெழுத்துப் போடுறேன்.’ என் கைடு நல்லவர், அவரும் அப்படித்தான் சொன்னார். நான் எழுதிய கடிதத்தில் ‘சின்சியர், ஹார்ட்வொர்க்கிங், ஓபீடியன்ட்’ என்ற மூன்று சொல்லும் இருந்தன. படிப்பவருக்கு அதில் ஒரு தகவலும் கிடைக்காது. அங்கே படிப்பவர்கள் எதிர்பார்ப்பது: இந்தக் கட்டுரையில் புதிது என்ன, எந்தச் சிக்கலை இவள் தானாகவே தீர்த்தாள், இதற்கு முன் தான் பார்த்த மாணவர்களில் இவள் எந்த இடம். இதை கைடிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடைசியில் ‘சார், அவங்க இந்த மூணு கேள்விக்குத்தான் பதில் தேடுவாங்களாம்’ என்று ஒரு தாளில் எழுதி அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒரு விரலால் தட்டித் தட்டி அவரே இரண்டு பக்கம் அடித்திருந்தார். இரண்டாவது சுற்றில் என்னை எடுத்தவர், ‘உங்கள் கைடின் கடிதத்தில் உண்மை இருந்தது’ என்றார்.

இன்னும் இரண்டு பொறிகள். கடிதத்தைத் தளமே பரிந்துரைப்பவரிடம் மின்னஞ்சலில் கேட்கும்; அது ஸ்பாமில் போய் விழும். நீங்கள் கையில் கொடுக்க முடியாது. கடைசித் தேதிக்குப் பத்து நாள் முன்பு பக்கத்தில் உட்கார்ந்து ஒருமுறை பதிவேற்றிப் பாருங்கள். அடுத்தது, ஜிமெயில் முகவரி. பல்கலைக்கழக முகவரியிலிருந்து வராத கடிதத்தைச் சில இடங்களில் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். நம் பேராசிரியர்கள் பலருக்கு அந்த முகவரி இருக்கும், பாஸ்வேர்டுதான் இருக்காது.

மூன்று கடிதமும் ஒரே துறையிலிருந்து வேண்டாம். ஒரு மாநாட்டில் உங்கள் கட்டுரைக்குக் கருத்துச் சொன்ன வெளியூர் ஆய்வாளர் ஒருவராவது இருக்கட்டும்.

6. உங்கள் எண்கள் எதை எண்ணுகின்றன?

இந்தத் துறையில் ஆளை எடை போடுவது இங்கேதான். ரிக்ரெஷன் என்ற புள்ளியியல் கணக்கை ஓட்டத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஒரு குற்ற எண் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தவர் குறைவு.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையில் ஒரு எஃப்.ஐ.ஆரில் பல குற்றங்கள் இருந்தாலும் மிகக் கடுமையான ஒன்று மட்டும்தான் கணக்கில் வரும். வீடு புகுந்து திருடி, கொலையும் செய்தால், அது ஒரு கொலை, திருட்டு மறைந்துவிடும். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கொலைக்கான 302 இப்போது 103, ஏமாற்றுக்கான 420 இப்போது 318. பிரிவு எண்ணை வைத்துத் தரவு எடுக்கும் நிரல் அந்தத் தேதியில் உடைந்துபோகும்.

ஜெர்மன் போலீஸ் புள்ளிவிவரம் குற்றம் நடந்த நாளில் எண்ணப்படுவதில்லை. விசாரணை முடிந்து கோப்பு அரசு வழக்கறிஞருக்குப் போகும்போதுதான் எண்ணப்படுகிறது. போன ஆண்டு நடந்தது இந்த ஆண்டுக் கணக்கில் வரும். அமெரிக்காவில் எஃப்.பி.ஐ 2021 ஜனவரியில் பழைய முறையை விட்டு, ஒவ்வொரு சம்பவத்தையும் தனித்தனியாகப் பதியும் நிப்ரஸ் முறைக்கு மாறியது. அந்த ஆண்டு நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் போலீஸே முழுத் தரவு அனுப்பவில்லை. அந்த ஆண்டை மற்ற ஆண்டுகளோடு அப்படியே ஒட்டினால் கேள்வி நிச்சயம். இங்கிலாந்தில் 2010 டிசம்பரிலிருந்து தெரு அளவில் மாதாந்தரத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் இடம் துல்லியமானது அல்ல. அருகிலுள்ள ஒரு புள்ளிக்கு நகர்த்தித்தான் தருகிறார்கள்.

நார்வே, சுவீடன் பதிவேட்டுத் தரவுதான் இந்தத் துறையின் தங்கச் சுரங்கம். ஒரு மனிதரின் வருமானம், பெற்றோர், படிப்பு, தண்டனை எல்லாம் ஒரே எண்ணில் இணையும். நார்வேயில் சிறைத் தண்டனை மறுபடி குற்றம் செய்வதைக் குறைத்தது என்றும், முக்கியமாக அதற்கு முன் வேலையில் இல்லாதவர்களிடம் குறைத்தது என்றும் காட்டிய ஆய்வு இந்தத் தரவில்தான் வந்தது. ஆனால் அதை வீட்டிலிருந்து பதிவிறக்க முடியாது. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 10ஆம் பிரிவு குற்றத் தண்டனை விவரங்களுக்குத் தனிக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. சுவீடனில் நெறிமுறை அனுமதியும் வேண்டும். அனுமதி, ஒப்பந்தம், தரவு தயாரிப்பு எல்லாம் சேர்ந்து பல மாதங்களைத் தின்றுவிடும். இரண்டாண்டு ஒப்பந்தத்தில் முதலாண்டு தரவுக்காகக் காத்திருப்பதிலேயே போய்விடலாம். திட்டக் குழுவுக்கு அனுமதி ஏற்கெனவே இருக்கிறதா, உங்கள் பெயரை அதில் சேர்க்க எத்தனை நாள் என்று ஆஃபரை ஏற்கும் முன் கேளுங்கள். சும்மா இருக்கும் காலத்துக்கு, திறந்து கிடக்கும் தரவில் ஒரு கட்டுரை கையில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தியக் கீழமை நீதிமன்ற வழக்குகள் சுமார் 8 கோடி அப்படிப் பொதுவில் கிடைக்கின்றன.

7. நேர்காணல்

முதல் சுற்று அரை மணி நேரம். ஐந்து நிமிடம் உங்கள் கட்டுரை, பிறகு கேள்வி. எனக்கு அது ராத்திரி எட்டு மணிக்கு. அம்மாவிடம் மிக்ஸி போடக் கூடாது என்று சொல்லியிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் சொல்ல மறந்துவிட்டேன்.

என் கட்டுரை மகளிர் காவல் நிலையங்கள் பற்றியது. தமிழ்நாட்டில் 1992இல் தொடங்கியவை. நிலையம் திறந்த பிறகு பெண்களுக்கு எதிரான குற்றப் பதிவு கூடுகிறது என்று ஒரு படத்தைக் காட்டினேன். கேமராவை அணைத்தே வைத்திருந்த ஒருவர் முதல்முறையாக வாய் திறந்தார்: ‘குற்றம் கூடியதா, புகார் கூடியதா?’

இந்தக் கேள்வி உங்களுக்கும் வரும், எந்த நாட்டுத் தரவாக இருந்தாலும். முதல் சுற்றில், ஓராண்டுக்கு முன், இதே கேள்விக்கு ‘அது இந்த ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது’ என்று சொல்லியிருந்தேன். தீசிஸ் பாஷை. இந்த முறை ஒரு ஸ்லைடு தயாராக இருந்தது. மறைக்க முடியாத குற்றம் ஒரு பக்கம், அதாவது கொலை. புகார் கொடுத்தால் மட்டும் தெரியும் குற்றம் மறுபக்கம், அதாவது கணவன் வீட்டுக் கொடுமை. இரண்டாவது மட்டும் கூடி முதலாவது நகராமல் இருந்தால், கூடியது பெரும்பாலும் புகார். கூடவே 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பையும் வைத்திருந்தேன்: உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்த பெண்களில் யாரிடமாவது உதவி நாடியவர்கள் 14 சதவீதம்தான். கேமரா ஆன் ஆனது.

கடைசியில் ‘எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா’ என்பார்கள். இல்லை என்று சொல்லாதீர்கள். தரவு அனுமதி, கற்பிக்கும் சுமை, உங்கள் சொந்த ஆய்வுக்கு எத்தனை சதவீத நேரம் — இந்த மூன்றைக் கேளுங்கள்.

8. ஆஃபர் வந்ததும்

ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகங்களில் சம்பளம் பேரம் இல்லை, ஊதிய அட்டவணை. போஸ்ட்டாக்குக்கு டி.வி.எல் என்ற மாநில அரசு ஊழியர் ஊதிய அட்டவணையில் இ-13 என்ற நிலை. அதன் முதல் படி 2025 பிப்ரவரி நிலவரப்படி மாதம் சுமார் 4,630 யூரோ. வரி, ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு பிடித்துத் தனி ஆளுக்குக் கையில் 2,800 யூரோவை ஒட்டி வரும். அந்த 4,630ஐ ரூபாயில் பெருக்கி வீட்டில் சொல்லிவிடாதீர்கள். நான் சொன்னேன்.

பேச வேண்டியது படியைப் பற்றி. முன் அனுபவம் இருந்தால் மேல் படியில் வைக்கலாம். ஜே.ஆர்.எஃப் மாதிரி ஃபெலோஷிப் ஆண்டுகளை வேலையாக எடுக்கத் தயங்குவார்கள். ப்ராஜெக்ட் அசோசியேட், கெஸ்ட் லெக்சரர் என்று எங்கே வேலை பார்த்திருந்தாலும் தேதி, வேலை விவரம், வார மணி நேரம் போட்ட கடிதம் வாங்கிக் கையெழுத்துக்கு முன் கொடுங்கள். சேர்ந்த பிறகு மாற்றுவது கடினம்.

முழு நேர வேலையா, 65 சதவீத நேரமும் சம்பளமும் உள்ள வேலையா என்று பாருங்கள். 65 என்றால் ஆண்டுக்கு சுமார் 36,000 யூரோ. இது அடுத்த கட்டத்தில் விசா வகையையே மாற்றும். பிஎச்.டிக்குப் பிறகு இப்படிக் காலவரையறை ஒப்பந்தத்தில் வைத்திருக்க அங்கே சட்டப்படி ஆறு ஆண்டு உச்சவரம்பு இருக்கிறது என்பதையும் மனதில் வையுங்கள். ஹும்போல்ட் ஃபெலோஷிப் போன்ற உதவித்தொகை கிடைத்தால் வரி இல்லை என்று சந்தோஷப்படலாம். ஆனால் ஓய்வூதியக் கணக்கும் வேலையின்மைக் காப்பீடும் அதில் சேராது.

‘ஆஃபர் லெட்டர்’ வேறு, ஒப்பந்தம் வேறு. நடுவில் ஊழியர் குழுவின் ஒப்புதல் வேண்டும். எனக்கு ஏழு வாரம் ஆனது. ஒப்பந்தம் வரும் வரை இருக்கும் வேலையை விடாதீர்கள், விமான டிக்கெட் எடுக்காதீர்கள்.

9. விசா

இரண்டு வழி. ஒன்று, ஆய்வாளர் விசா. பல்கலைக்கழகத்தின் ஒப்பந்தம் அல்லது ஏற்பு உடன்படிக்கை வேண்டும். இன்னொன்று, ப்ளூ கார்டு, அதாவது பட்டமும் போதிய சம்பளமும் உள்ள வெளிநாட்டவருக்கான குடியிருப்பு அனுமதி. 2026இல் பொதுவான சம்பள வரம்பு ஆண்டுக்கு 50,700 யூரோ. முழு இ-13 இதைத் தாண்டும், 65 சதவீதம் தாண்டாது. தாண்டினால் ப்ளூ கார்டு என் சிபாரிசு. அடிப்படை ஜெர்மன் ஏ-1 நிலையோடு 27 மாதத்தில், அதற்கு மேலான பி-1 நிலை இருந்தால் 21 மாதத்தில் நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம். இரண்டு வகையிலுமே கணவனோ மனைவியோ கூட வர ஜெர்மன் தேர்வு எழுத வேண்டியதில்லை.

ப்ளூ கார்டுக்குப் பட்டம் செல்லும் என்று காட்ட வெளிநாட்டுப் பட்டங்களுக்கான ஜெர்மன் தரவுத்தளமான அனபினில் உங்கள் பல்கலைக்கழகம் ‘எச் பிளஸ்’ (அங்கீகாரம் உண்டு) என்று இருக்கிறதா பாருங்கள், அந்தப் பக்கத்தை அச்செடுங்கள். இல்லையென்றால் பான் நகரத்து மதிப்பீட்டு அலுவலகத்தில் ஒப்பீட்டுச் சான்று வாங்க வேண்டும்: 208 யூரோ, கூடவே காத்திருப்பு. மாணவர்களுக்குக் கேட்கும் ஏ.பி.எஸ் சான்றிதழ் (கல்வி ஆவணங்களைச் சரிபார்த்ததற்கு), பிளாக்டு அக்கவுன்ட் (செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டு வைக்கும் கணக்கு) இரண்டும் உங்களுக்கு வேண்டாம். வேண்டும் என்று சொல்லும் ஏஜென்டிடம் இருந்து எழுந்து வந்துவிடுங்கள். இந்த விசாவுக்கு ஏஜென்டே வேண்டாம்.

2025 ஜனவரி முதல் தூதரக இணையதளத்தில் ஆவணங்களைப் பதிவேற்றிவிட்டு, அவர்கள் பார்த்த பிறகு நேரில் கைரேகைக்கும் அசல் ஆவணங்களுக்கும் போகும் முறை வந்துவிட்டது. கட்டணம் 75 யூரோவுக்கு ஈடான ரூபாய். விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. ஆவணங்கள்: பாஸ்போர்ட், ஒப்பந்தம், வேலை விவரப் படிவம், பட்டங்கள், அனபின் அச்சு, சி.வி, பெயர் அஃபிடவிட், காப்பீடு.

காப்பீட்டில் ஒரு சின்னப் பள்ளம். ஜெர்மன் பொது மருத்துவக் காப்பீடு வேலை தொடங்கும் நாளில்தான் ஆரம்பிக்கும். அக்டோபர் 1 வேலை, செப்டம்பர் 22 இறங்குகிறீர்கள் என்றால் நடுவில் உள்ள நாட்களுக்குப் பயணக் காப்பீடு வேண்டும். அது இல்லாமல் நின்று, கவுன்டரிலிருந்து திரும்பி, இன்னொரு தேதி வாங்க எனக்குப் பதினெட்டு நாள் போனது.

ஒப்பந்தம் கையில் வந்ததிலிருந்து விசா வரை மூன்று மாதம் ஒதுக்குங்கள். முன்னால் வந்தால் லாபம்.

10. இறங்கிய பிறகு

பணம்: வீட்டு முன்பணம் சட்டப்படி அதிகபட்சம் மூன்று மாத அடிப்படை வாடகை. அதை மூன்று தவணையாகக் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு. வீட்டுக்காரர் தானாகச் சொல்லமாட்டார். முதல் சம்பளம் மாதக் கடைசியில்தான். முன்பணம், முதல் வாடகை, சாப்பாடு சேர்த்து நான் 3,500 யூரோவோடு போனேன். அதில் மிஞ்சியது 140. வீட்டைப் பார்க்காமல், சாவி வாங்காமல் யாருக்கும் பணம் அனுப்பாதீர்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களைக் குறிவைத்தே இந்த மோசடி நடக்கிறது.

குடியேறி இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட உறுதிப் படிவம் தேவை. தற்காலிக அறை எடுக்கும்போதே ‘இந்த முகவரியில் பதிவு செய்யலாமா’ என்று கேட்டுவிடுங்கள். குடியிருப்பு அட்டைக்கு 100 யூரோ. அந்த அலுவலகத்தில் தேதி கிடைப்பது கஷ்டம். விசா முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே பதிவு செய்யுங்கள். டி.வி இல்லாவிட்டாலும் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணம் கட்டியாக வேண்டும். கடிதம் வந்தால் குப்பையில் போடாதீர்கள்.

என் பல்கலைக்கழகம் போலீஸ் நன்னடத்தைச் சான்றும் கேட்டது. ஜெர்மன் சான்றுக்கு 13 யூரோ. இந்தியச் சான்று கேட்டால் பாஸ்போர்ட் சேவா மூலம் 500 ரூபாய், கிளம்பும் முன்பே வாங்கிவிடலாம். குற்றத்தை ஆராய வந்தவளிடமே முதலில் அதைத்தான் கேட்டார்கள்.

முகவரி பதிந்த சில வாரங்களில் வரி அடையாள எண் தபாலில் வரும். அது சம்பளப் பிரிவுக்குப் போகவில்லை என்றால் மிக அதிகமான வரி வகுப்பில் பிடித்துக்கொள்வார்கள். பிறகு திருப்பித் தருவார்கள், ஆனால் உங்களுக்குப் பணம் தேவைப்படுவது அந்த முதல் மாதத்தில். அங்கே தபால்காரர் வீட்டு எண்ணைப் பார்ப்பதைவிட பெட்டியில் ஒட்டிய பெயரைத்தான் பார்க்கிறார். நான் என் பெயரை அழகாக எழுதி ஒட்டியிருந்தேன். கடிதம் வந்ததோ குடும்பப் பெயருக்கு, அதாவது அப்பாவுக்கு. அப்படி யாரும் இங்கே இல்லை என்று திரும்பிப் போய்விட்டது. பெட்டியில் இரண்டு பெயரையும் ஒட்டுங்கள்.